வந்து சேராத மணல்

“வட சென்னையில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?” என்று நம்மைக் கேளாத விருந்தாளி அரிது. இராயபுரத்தில் மூன்று தலைமுறையாக வாழும் நமக்கு இக்கேள்வி புதிதன்று. இதற்குரிய விடையும் நம் இல்லத்தில் பழகிப்போனதே. விருந்தாளியை ஒரு வாடகைக் காரில் ஏற்றி மெரீனாவுக்கோ மாமல்லபுரத்துக்கோ அனுப்பிவிட்டு, அவர்கள் திரும்புவதற்குள் இடியப்பமும் கறி ஆணமும் ஆயத்தம் செய்து வைப்பதே நாம் இதுகாறும் கைக்கொண்டுவந்த விருந்தோம்பல். உண்பதற்கு நம் வீடு, காண்பதற்குப் பிறர் ஊர் என்பது ஏற்பாடு. இந்த ஏற்பாட்டுக்குள் ஒரு வெட்கம் ஒளிந்திருந்ததை நாம் உணர்ந்தது 2024ஆம் ஆண்டு சனவரியில்தான்.

பொங்கலை அடுத்து வந்த ஞாயிறு அது. நம் தம்பியின் மகன் தன் மனைவியையும் இரு குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு சனி இரவே வந்து சேர்ந்தான். பழைய மாமல்லபுரம் சாலையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் அவனுக்கு வேலை, நாவலூரில் குடியிருப்பு. 2000ஆம் ஆண்டில் தரமணியில் டைடல் பூங்கா எழுந்த பிறகு, அந்தச் சாலையின் இருமருங்கும் வயலும் உப்பளமும் கண்ணாடிக் கட்டடங்களாக மாறிய வரலாற்றை வாசகர்கள் அறிவார்கள். நம் இனத்துப் பிள்ளைகளில் படித்தவர்கள் அநேகர் இப்போது அங்கேதான் இருக்கிறார்கள்.

வந்தவன் வெறுங்கையோடு வரவில்லை. நாவலூரில் ஒரு பெரிய வீட்டுக்கு முன்பணம் கட்டிய ரசீதைக் கொண்டுவந்திருந்தான். அதில் நம் வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் தனியறை உண்டு. எஞ்சிய தொகைக்கு இராயபுரத்து வீட்டை விற்றுவிடலாம் என்பது அவனுடைய யோசனை. அதில் பேராசை ஏதும் இல்லை என்பதை இங்கேயே எழுதிவிட வேண்டும். இரண்டு குளிர்காலமாக உம்மாவுக்கு மூச்சிரைப்பு. இரவில் தலையணைகளை அடுக்கி அமர்ந்தபடியே உறங்குவார்கள். காற்று மாறினால் நலம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அதைக் கேட்டதிலிருந்து பிள்ளைக்கு உறக்கம் இல்லை. பாட்டியிடம் வளர்ந்தவன் அவன்.

வாப்பா அந்த ரசீதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு இருமுறை படித்தார்கள். அவர்கள் சென்னைத் துறைமுகத்தில் முப்பத்தெட்டு ஆண்டு டாலி கிளார்க்காக இருந்தவர்கள். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணி, எண்ணியதை எழுதி, எழுதியதைக் கப்பல்காரனின் கணக்கோடு ஒப்பிட்டு, குறைவிருந்தால் குறைவென்று கையொப்பமிடுவது அவர்கள் தொழில். எழுபத்தெட்டு வயதிலும் எந்தத் தாளையும் அவர்கள் ஒருமுறை மட்டும் படிப்பதில்லை.

அந்நேரம் மூத்த குழந்தை, “அப்பா, உங்க ஊரில் சுற்றிப் பார்க்க என்ன இருக்கு?” என்று கேட்டாள். (நம் கீழக்கரைப் பக்கத்தில் பாட்டனாரை அப்பா என்பதே வழக்கம், பூட்டனாரையும் அக்குழந்தைகள் அப்படியே அழைக்கின்றனர்.) அவளுடைய தாயார் கைப்பேசியில் ஒரு பட்டியல் வைத்திருந்தாள்: மெரீனா, கிண்டிச் சிறுவர் பூங்கா, வண்டலூர் உயிரியல் பூங்கா, முட்டுக்காட்டுப் படகுத்துறை, மாமல்லபுரம், பிறகு பெயர் நினைவில் நில்லாத மூன்று அங்காடி மாளிகைகள். எல்லாம் தெற்கே. இராயபுரத்துக்கு வடக்கே அப்பட்டியலில் ஓரிடமும் இல்லை.

வாப்பா ரசீதை மடித்துக் கொடுத்து, “நாளை அஸ்தமனம் வரை இதைப் பெட்டியில் வை. நாளைக்கு நான் காட்டுகிறேன்” என்றார்கள்.

சுபுஹு தொழுத கையோடு புறப்பட்டுக் காசிமேட்டுக்கு நடந்தோம். ஞாயிற்றுக்கிழமை விடியலில் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தைக் காணாதவர் சென்னையைக் கண்டதாகச் சொல்லிக்கொள்ளக் கூடாது என்பது நம் கருத்து. செருப்பு மட்டும் பழையதாக இருக்கட்டும். விசைப்படகுகள் விலாவோடு விலா உரசி நிற்க, கூடைகள் கைமாறிக் கரையேறும். வஞ்சிரம், வவ்வால், சங்கரா, கொடுவா, கடம்பா, நண்டு, இறால் என்று தரையெல்லாம் கடல். ஏலம் கூறுவோரின் குரல் ஒருபுறம். வாங்கிய மீனை அரிவாள்மனையில் வெட்டித் தருவோரின் வேகம் ஒருபுறம். ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை அறுபத்தொரு நாள் மீன்பிடித் தடைக்காலம். மீன்களின் இனப்பெருக்கத்துக்காக அப்போது விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. அந்நாளில் வருவோர்க்கு இக்காட்சி கிட்டாது.

மருமகள் முதலில் முக்காட்டு நுனியால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். கால் மணி நேரத்தில் அதை மறந்து, ஒரு மீனவப் பெண்ணோடு சங்கராவுக்கு விலைபேசத் தொடங்கினாள். நூறு ரூபாய் குறைத்தாள் என்பது அவள் கணக்கு; ஐம்பது கூட்டித்தான் சொல்லப்பட்டது என்பது வாப்பாவின் கணக்கு.

அங்கிருந்து இராயபுரம் ரயில் நிலையம். இதன் பெருமையை நம் தெருப் பிள்ளைகளே அறியார். 1856 சூன் 28 அன்று ஆளுநர் ஹாரிஸ் பிரபு இதைத் திறந்துவைத்தார். சூலை முதல் நாள், தென்னிந்தியாவின் முதல் பயணிகள் வண்டி இங்கிருந்து வாலாஜா ரோடு வரை புறப்பட்டது. அந்நிலையத்துக்கு அன்று ஆற்காடு என்று பெயர். சென்ட்ரல் நிலையம் பிறந்தது 1873இல்தான். பம்பாயிலும் ஹவுராவிலும் இதற்கு முன் எழுந்த பழைய நிலையங்கள் மறைந்து, அவ்விடங்களில் புதியன நிற்கின்றன. இராயபுரத்தின் தூண்கள் மட்டும் நிற்கின்றன. இவ்வளவு புகழுடைய கட்டடத்தின் முன்னே நாம் நின்ற கால் மணி நேரத்தில் நம்மைத் தவிர அங்கே இருந்தவை ஒரு நாயும் இரண்டு காகங்களும்.

அறிஞர் அண்ணா 1949 செப்டம்பரில் கொட்டும் மழையில் தம் கட்சியின் தொடக்கக் கூட்டத்தை நடத்திய ராபின்சன் பூங்கா, பார்சி மக்களுக்குச் சென்னையில் உள்ள ஒரே அக்கினி ஆலயம், இராயப்பர் என்று தமிழ்க் கிறித்தவர் அழைக்கும் புனித பேதுருவின் தேவாலயம் ஆகியவற்றைக் காரிலிருந்தபடியே காட்டினோம். அந்த இராயப்பரின் பெயரால்தான் இது இராயபுரம் ஆயிற்று. ஒரு மைல் வட்டத்துக்குள் இத்தனை வழிபாடுகள் அடுத்தடுத்து அமைந்திருப்பது துறைமுகத்து ஊரின் இயல்பு. கப்பல் யாரையும் மதம் கேட்டு இறக்குவதில்லை.

ஆனால் ஓரிடத்தில் இறங்கியே ஆகவேண்டும் என்றார்கள் வாப்பா. அது குணங்குடி மஸ்தான் சாகிபு அவர்கள் அடங்கிய இடம். தர்காக்களுக்குச் செல்வது குறித்து நம் குடும்பங்களில் இருவேறு கருத்துகள் உண்டு. நம் வீட்டு உணவு மேசையிலேயே உண்டு. அவ்வழக்கை இங்கே எடுக்கவில்லை. நாம் சென்றது தமிழுக்காக. 1792இல் இராமநாதபுரச் சீமையில் தொண்டிக்கு அருகே குணங்குடியில் பிறந்து, சுல்தான் அப்துல் காதிர் என்ற பெயரும் செல்வமும் துறந்து, ஊர் ஊராகத் திரிந்து, கடைசியில் இந்த இராயபுரத்தில் லெப்பைக் காடு என்று வழங்கிய முட்புதருக்குள் வந்தமர்ந்தவர் அவர். திருத்தணிகைச் சரவணப்பெருமாளையர் அவர்மீது நான்மணிமாலை பாடினார். ஐயாசாமி முதலியார் அவருக்கு மாணவராயிருந்தார். தாயுமானவரோடு அவர் பாடல்களை ஒப்பிட்டுப் பேசாத தமிழறிஞர் இல்லை. 1838இல் அவர் மறைந்தார். தொண்டியிலிருந்து வந்தவரைத் தொண்டியார் என்று மக்கள் அழைக்க, அதனால் அப்பகுதி தண்டையார்பேட்டை ஆயிற்று என்பது இங்குள்ளோர் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி.

“நம்ம ஆள் பெயரிலா தண்டையார்பேட்டை?” என்று கேட்டான் தம்பி மகன். முப்பத்தாறு வயது வரை இதை அவனுக்குச் சொல்லாத குற்றம் நம்முடையது. நாவலூருக்குப் போகும் வழியெல்லாம் தெரிந்த பிள்ளைக்கு, பிறந்த தெருவின் பெயர்க்காரணம் தெரியவில்லை.

பகலுக்கு வீடு திரும்பினோம். காசிமேட்டுச் சங்கரா ஆணமாயிற்று. லுஹருக்குப் பின் உம்மா சற்றே சாய்ந்தார்கள். இருமல் சாய விடவில்லை. அந்த இருமலைக் கேட்டுக்கொண்டு நாம் அனைவரும் கூடத்தில் பேசாமல் அமர்ந்திருந்தோம். காலையெல்லாம் ஊர்ப்பெருமை பேசிய வாய்க்கு அந்த ஒலி ஒரு மறுமொழி போல இருந்தது.

அப்போது வாப்பா கரித்தூள் காலத்தை நினைவுகூர்ந்தார்கள். ஒரு காலத்தில் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதும் திறந்தவெளியில் குவிந்து கிடக்கும். கடற்காற்று திரும்பினால் இராயபுரத்து மொட்டை மாடியில் உலர்த்திய துணியெல்லாம் சாம்பல் நிறம். உம்மாவின் வெள்ளைத் துப்பட்டியை வெள்ளிக்கிழமைக்கு இருமுறை துவைத்த நாள்கள் உண்டு. மக்கள் முறையிட்டனர், வழக்கு உயர்நீதிமன்றம் சென்றது, தீர்ப்பின்படி 2011 அக்டோபர் முதல் அவ்விரு சரக்கும் இங்கே கையாளப்படாமல் எண்ணூர்த் துறைமுகத்துக்கு மாற்றப்பட்டன. துறைமுகத்தின் உப்பைத் தின்றவர்களாயினும் தெருவார் எழுதிய மனுவில் வாப்பாவும் கையொப்பமிட்டார்கள்.

“அன்றைக்கு நம் தெருவில் இனிப்பு வழங்கினோம். கரி எங்கே போயிற்று என்று எவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. வாருங்கள், போய்ப் பார்ப்போம்” என்றார்கள்.

அஸர் தொழுது காரில் வடக்கே புறப்பட்டோம். உம்மாவும் வருவதாகச் சொன்னார்கள். வேண்டாம் என்றும் கேளாமல் முன்னிருக்கையில் ஏறி அமர்ந்துவிட்டார்கள். (கார் இல்லாத வாசகர்கள் கவலற்க. 2021 பிப்ரவரியிலிருந்து மெட்ரோ ரயில் வண்ணாரப்பேட்டையைத் தாண்டித் திருவொற்றியூர் வழியாக விம்கோ நகர் வரை ஓடுகிறது.) எண்ணூர் விரைவுச்சாலை என்பது பெயரளவில் விரைவு. துறைமுகத்துக்குக் காத்திருக்கும் கண்டெய்னர் லாரிகளின் வரிசைக்கு நடுவே ஊர்ந்துதான் செல்ல வேண்டும். இடப்புறம் ஊர், வலப்புறம் கடல். ஆனால் கடலுக்கும் சாலைக்கும் இடையே பெரும்பாலான இடங்களில் மணல் என்பதே இல்லை. கொட்டிய கருங்கற்களே உண்டு. அங்கங்கே கடலுக்குள் நீளும் கல்வரிசைகளைத் தூண்டில் வளைவு என்பர். கடல் அரிப்பைத் தடுக்கப் போட்டவை.

ஓரிடத்தில் வண்டியை நிறுத்தச் செய்து, வாப்பா குழந்தைகளைக் கல்மேல் அமர்த்தினார்கள். “நேற்று மெரீனாவுக்குப் போகவேண்டும் என்றீர்களே, மெரீனாவில் என்ன பார்ப்பீர்கள்?” என்று கேட்டார்கள். “மணல்!” என்றான் இளையவன். “அந்த மணல் எங்கிருந்து வந்தது?” குழந்தைகளுக்கு விடை தெரியவில்லை. உண்மையில் நமக்கும் அன்றுவரை முழுதாகத் தெரியாது.

வாப்பா சொன்னது இது. இந்தக் கரையில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் அலை கரையைச் சாய்வாக மோதி, மணலைச் சிறிது சிறிதாக வடக்கே நகர்த்தும். வடகிழக்குப் பருவத்தில் கொஞ்சம் தெற்கே திரும்பும். ஆண்டுக் கணக்கைக் கூட்டிப் பார்த்தால் வடக்கே செல்வதே மிகுதி. 1875இல் ஆங்கிலேயர் கடலுக்குள் கற்சுவர் எழுப்பிச் செயற்கைத் துறைமுகம் கட்டத் தொடங்கினர். 1881 புயல் அதைப் பெரிதும் உடைத்தது; மீண்டும் கட்டினர். வடக்கே நடந்துகொண்டிருந்த மணல் அந்தச் சுவரில் வந்து முட்டி, தெற்குப் பக்கமாகவே தேங்கிற்று. ஆண்டுதோறும் கரை அகன்றது. கிராண்ட் டஃப் என்ற ஆளுநர் 1884இல் அங்கே உலாவும் பாதை அமைத்து மெரீனா என்று பெயரிட்டார். இன்று உலகெங்கும் இருந்து வந்து மக்கள் அமர்ந்து சுண்டல் தின்னும் அந்த அகன்ற மணற்பரப்பின் பெரும்பகுதி அப்படிச் சேர்ந்ததுதான். சுவருக்கு வடக்கே இராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் வரவேண்டிய மணல் வரவில்லை. வருவது நின்றது, அலை எடுத்துச் செல்வதோ நிற்கவில்லை. ஆகவே கடல் ஊருக்குள் வந்தது. வீடுகளும் தெருக்களும் போயின. பிறகுதான் இந்தக் கற்கள்.

“எங்கள் தொழிலில் ஷார்ட் லேண்டிங் என்று ஒன்று உண்டு. பில்லில் இருக்கும், கப்பல் வந்திருக்கும், சரக்கு மட்டும் இறங்கியிராது. நூற்றைம்பது ஆண்டாக இந்தக் கரைக்கு மணல் ஷார்ட். எழுதி வைக்கத்தான் ஆள் இல்லை” என்றார்கள் வாப்பா.

தம்பி மகன் நெடுநேரம் பேசவில்லை. அவன் கணிப்பொறியில் கணக்கைச் சரிபார்ப்பவன். கணக்கின் மொழி அவனுக்குப் புரியும். “அப்படியென்றால் மெரீனாவுக்குப் போகிறவர்கள் இங்கும் ஒருமுறை வரவேண்டும், இல்லையா பெரியவாப்பா?” என்று நம்மிடம் கேட்டான். வரத்தான் வேண்டும் என்றோம். நம் விருந்தாளிகளை இத்தனை ஆண்டு எங்கே அனுப்பிக்கொண்டிருந்தோம் என்பதை எண்ணியபோது, சொல்ல வேறொன்றும் வாயில் வரவில்லை.

திருவொற்றியூரில் பட்டினத்தாரின் சமாதி கடலைப் பார்த்தவாறு இருக்கிறது. தொண்டியாரும் பட்டினத்தாரும், துறவிகள் இருவர், இருவரும் தமிழ் பாடியவர், ஒரே கரையில் சில மைல் இடைவெளியில் உறங்குகிறார்கள் என்பதை எண்ணிக்கொண்டே கடந்தோம். அதைத் தாண்டினால் தொழிற்சாலைகள். ஊர் ஊராகப் பயணம் போகும் இளைஞர்கள் விரும்பும் புல்லட் மோட்டார் சைக்கிள் இந்தியாவில் பிறந்தது திருவொற்றியூரில், 1955இல். எண்ணூரில் லாரித் தொழிற்சாலை 1948இல் தொடங்கியது. நாடு சுற்றும் சக்கரங்கள் இங்கே பிறக்கின்றன. சுற்றுபவர்கள்தாம் இங்கே வருவதில்லை.

எண்ணூருக்குள் நுழைகையில் வெயில் சாய்ந்திருந்தது. கொசஸ்தலையாறு கடலோடு கலக்கும் இந்தக் கழிமுகம் ஒரு காலத்தில் சென்னைக்கே உல்லாசத் தலம் என்றால் இன்று நம்புவார் இல்லை. ஆங்கிலேயக் கனவான்கள் இங்கே மாளிகை கட்டி, படகு விட்டு, மீனும் சிப்பியும் உண்டு களித்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காக்ரேன் என்பவர் வெட்டிய கால்வாய் சென்னையையும் எண்ணூரையும் இணைத்தது. பின்னர் பக்கிங்காம் கால்வாயின் பகுதியாகியது அதுவே. தெற்கே முட்டுக்காட்டிலும் இதுபோன்ற ஒரு கழிமுகம்தான். அங்கே சுற்றுலாத் துறை படகுத்துறை வைத்திருக்கிறது. மருமகளின் பட்டியலில் அதுவும் இருந்தது அல்லவா! ஒரே நகரத்தின் இரு கழிமுகங்களில் ஒன்றுக்குப் படகு வாய்த்தது, மற்றொன்றுக்குச் சாம்பல் வாய்த்தது.

சாம்பல் என்பது உவமையன்று. கப்பலில் வரும் நிலக்கரி அனல்மின் நிலையத்துக்குச் செல்கிறது. 1970இல் தொடங்கிய பழைய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017இல் மூடப்பட்டுவிட்டது; ஆற்றுக்கு அப்பால் வட சென்னை அனல்மின் நிலையம் ஓடுகிறது. எரிந்த கரியின் சாம்பலை நீரில் கரைத்துக் குழாய் வழியே குளத்துக்கு அனுப்புவார்கள். அக்குழாய்கள் கசிந்து பல்லாண்டாக ஆற்றில் சாம்பல் படிந்தது. ஆழம் குறைந்தது, ஆழம் குறைந்த ஆற்றில் இறாலும் நண்டும் மடவையும் குறைந்தன.

நாம் சென்றபோது அதற்கும் மேலாக ஒன்று நடந்திருந்தது. 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் மழையில் மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் வெள்ளத்தோடு கலந்து, பக்கிங்காம் கால்வாய் வழியே இந்தக் கழிமுகத்தில் பரவியது. கூழைக்கடாக்கள் சிறகில் எண்ணெய் படிந்து பறக்க மாட்டாமல் நின்ற படங்களை வாசகர்கள் கண்டிருக்கலாம். அது அடங்குவதற்குள் அம்மாதம் 26ஆம் நாள் நள்ளிரவு, பெரியகுப்பம் அருகே உரத் தொழிற்சாலையொன்றின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, மக்கள் உறக்கத்திலிருந்து எழுந்து ஓடினர். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனை சேர்ந்தனர். பெரியகுப்பம், சின்னகுப்பம், பர்மா நகர் என்று எல்லாத் தெருவிலும் அன்றிரவு ஓட்டம்.

கரையில் வலை பின்னிக்கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம் வாப்பா பேச்சுக் கொடுத்தார்கள். அவர் படகின் விலாவைக் காட்டினார். ஒரு முழ உயரத்துக்குக் கறுப்புப் பட்டை. அலையாத்திச் செடிகளின் வேர்களிலும் அதே உயரத்தில் அதே பட்டை. தண்ணீர் எதுவரை நின்றதென்று அளந்து கோடு போட்டதுபோல் இருந்தது. “வலையைச் சீக்காய் போட்டுக் கழுவினேன் பாய், போகல” என்றார். வாப்பா அவரிடம், எங்கள் ஊர்க் கரியும் பன்னிரண்டு ஆண்டாக உங்களிடம்தான் வருகிறது என்று சொல்ல வாயெடுத்ததை நாம் பார்த்தோம். சொல்லவில்லை. இன்றைக்கு என்ன கிடைத்தது என்று மட்டும் கேட்டார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை என்று அவர் சிரித்தார்.

ஆற்றுக்கு அப்பால் புகைபோக்கிகளில் விளக்கெரிந்தது. “அப்பா, அந்தப் புகையெல்லாம் எதுக்கு?” என்றாள் மூத்தவள். “உன் வீட்டு லிஃப்ட் மேலே ஏறுவதற்கு” என்றார்கள் வாப்பா. எந்த விளக்குக்கு எந்த உலையின் மின்சாரம் என்று பிரித்துச் சொல்ல இயலாது, கம்பியில் எல்லாம் கலந்தே ஓடும் என்று தம்பி மகன் திருத்தினான். திருத்தியவன் சற்றுநேரத்துக்குப் பின், “ஆனாலும் எங்கள் பக்கத்தில் ஒரு புகைபோக்கியும் இல்லை” என்று தானே சொன்னான்.

அந்நேரம் உம்மாவுக்கு இரைப்பு கூடிற்று. மருந்துக் குழலை உறிஞ்சி இரண்டு நிமிடம் கண்மூடி இருந்தார்கள். நெட்டுக்குப்பத்துச் சிதைந்த பாலத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்றிருந்த திட்டத்தைக் கைவிட்டு வண்டியைத் திருப்பினோம். படம் பிடிப்போர் விரும்பிச் செல்லும் இடம் அது.

மஃரிபுக்குப் பின் பாரிமுனையை ஒட்டிய செகண்ட் லைன் பீச் பக்கம் வந்து சேர்ந்தோம். காலையில் தொடங்கிய சுற்றுலாவுக்கு இரவு விருந்து வேண்டுமே! வட சென்னைக்கே உரிய விருந்து அத்தோ. இதன் கதை துயரத்தில் தொடங்குகிறது. 1962இல் பர்மாவில் நே வின் ஆட்சியைக் கைப்பற்றி, 1964இல் கடைகளையெல்லாம் அரசுடைமையாக்க, தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்த தமிழர்கள் கப்பல் கப்பலாக வெறுங்கையோடு வந்திறங்கினர். வாப்பா துறைமுகத்தில் சேர்ந்த புதிது அது. நகையும் பணமும் கொண்டுவர அனுமதியின்றி வந்தவர்கள் நாவின் நினைவை மட்டும் கொண்டுவந்தார்கள். அந்த நினைவே இந்தத் தள்ளுவண்டிகள். பர்மா பஜாரும் அவர்கள் உண்டாக்கியதே.

மஞ்சள் நூடுல்ஸை ஒரு கைப்பிடி எடுத்து, அதில் முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், பூண்டு எண்ணெய், புளித் தண்ணீர், மிளகாய்த் தூள், மொறுமொறுப்பான பேஜோவை நொறுக்கி இட்டு, கையாலேயே பிசைந்து கொடுப்பார்கள். உடன் ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப். அவித்த முட்டையைக் கீறி மசாலா அடைத்தும் தருவார்கள். நின்றுகொண்டே உண்ண வேண்டும். மேசை நாற்காலியோடு உண்டால் அதன் சுவை பாதி என்று நாம் ஐயுறுகிறோம். இளையவன் காரம் தாளாமல் அழுது, அழுகை முடியுமுன் இன்னொரு தட்டு கேட்டான்.

அங்கே, தெருவிளக்கின் கீழ், காரின் முன்னிருக்கையில் சூப் கிண்ணத்தோடு அமர்ந்திருந்த உம்மாவைப் பார்த்து வாப்பா, “அஸ்தமித்துவிட்டது. ரசீதை எடுக்கச் சொல்லலாமா?” என்றார்கள். நமக்கு நெஞ்சு படபடத்தது. பகலெல்லாம் ஊரைக் காட்டியது விற்க வேண்டாம் என்று சொல்வதற்கா, விடைபெறுவதற்கா என்று நமக்கே அதுவரை விளங்கவில்லை.

உம்மா சூப்பைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்கள்: “நேற்று இராவிலிருந்து எல்லாரும் என் நெஞ்சைப் பற்றித்தான் பேசுறீங்க. நெஞ்சுக்காரியை ஒருத்தரும் கேட்கல. தொண்டியார் பெரியவர்தான், ஸ்டேஷன் பழசுதான். மூச்சு முட்டும்போது அதெல்லாம் என்ன செய்யும்? நான் பேரனோடு போறேன். வீட்டை விற்கக் கூடாது. இவங்களும் வரவேண்டாம், அங்கே வந்தால் கண்ணாடி ஜன்னலைப் பார்த்தே நோயாளியாகிடுவாங்க. இவங்க இங்கேயே இருந்து ஞாயிற்றுக்கிழமை வரட்டும்.”

நெடுங்காலம் ஒரே கூரையில் வாழ்ந்தவர்கள். வாப்பா எதிர்த்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. அத்தோக்காரரிடம் ஒரு பொட்டலம் பேஜோ தனியாகக் கட்டித் தரச் சொல்லி, அதை உம்மாவின் மடியில் வைத்தார்கள்.

தம்பி மகன் அந்தப் பெரிய வீட்டை விட்டுவிட்டு, வாடகைக்கு ஒரு சிறிய வீடு பார்த்தான். முன்பணத்தில் பாதி திரும்பவில்லை. மார்ச்சு மாதம் உம்மா நாவலூர் சென்றார்கள். அல்ஹம்துலில்லாஹ், இரைப்பு குறைந்தது. இரவில் ஒற்றைத் தலையணையில் உறங்குகிறார்கள். நாம் பிள்ளையிடம் ஒப்புக்கொள்ள வேண்டிய உண்மை அது, ஒப்புக்கொண்டோம். அங்கே அவர்களுக்கு உள்ள குறை ஒன்றே: மீன். குளிரூட்டிய கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் பனிக்கட்டிமேல் கிடக்கும் சங்கராவைக் காட்டி, “இது எங்கிருந்து வருது தம்பி?” என்று உம்மா கேட்டார்களாம். “காசிமேடு, ஆச்சி” என்றானாம் கடைப்பையன். விலையோ இரண்டு மடங்கு.

ஆகவே ஞாயிறுதோறும் வாப்பா சுபுஹுக்குப் பின் காசிமேட்டுக்கு நடக்கிறார்கள். வாங்கியதை வெட்டிக் கழுவி, பாத்திரத்தில் அடைத்து, பிராட்வேயில் கேளம்பாக்கம் பேருந்து ஏறுகிறார்கள். மெரீனாவைக் கடக்கையில் ஜன்னல் பக்கம் திரும்புவதில்லை என்று சொல்லிக்கொள்வார்கள்; நாம் உடன்சென்ற இருமுறையும் திரும்பித்தான் பார்த்தார்கள். பாத்திரத்தில் வஞ்சிரம் இருப்பது அரிது. உம்மாவுக்குச் சங்கராதான் பிடிக்கும்.